தொலைபேசிக் கம்பியில் எதை இணைக்கலாம்?

வெளி மாநிலங்களில் வாழும் தமிழருக்குத் தொலைபேசி வெறும் சௌகரியச் சாதனம் அன்று. ஊரிலிருந்து வரும் நல்ல செய்தியும் துக்கச் செய்தியும் அதன் மணியோசையோடுதான் வீட்டுக்குள் நுழைகின்றன. அந்த மணி அடிக்க வேண்டிய வேளையில் அடிக்காமற் போனால் நேரும் துன்பம், உற்றார் உறவினர் சூழ வாழ்வோர்க்கு எளிதில் விளங்காது. இதனை நாம் நூலில் படித்து அறியவில்லை. அருகில் இருந்து கண்டு அறிந்தோம்.

2004ஆம் ஆண்டில், மொழிபெயர்ப்புப் பணியேற்றுத் தில்லிக்கு வந்த புதிதில், கரோல்பாகில் ஒரு மெஸ்ஸில் நாம் உணவருந்தி வந்தோம். அதனை நடத்தியவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவரிடம் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. அந்த ஓர் இணைப்பில் கல்லாப்பெட்டி அருகே ஒரு கருவி, சமையற்கட்டில் ஒன்று, மாடியில் தங்கியிருந்த மாணவர்களுக்கென ஒன்று, படுக்கையறையில் கடைவீதியில் மலிவாக வாங்கிய கார்ட்லெஸ் ஒன்று, விருந்துக்கான ஆர்டர்களைப் பெறுவதற்குப் பழைய ஃபாக்ஸ் இயந்திரம் ஒன்று, ஆக ஐந்து சாதனங்கள் தொங்கின. பேசுவதில் குறையேதும் இல்லை. மணி மட்டும் சில நாட்களாக நலிந்து ஒலித்தது. சில வேளை ஒலிக்கவே இல்லை. அண்ணாச்சி அதைப் பொருட்படுத்தவில்லை.

மார்கழி மாதத்து இரவு ஒன்றில் ஊரில் அவருடைய தாயாருக்கு உடல்நிலை மோசமாயிற்று. தம்பி பொதுத் தொலைபேசிக் கடைக்கு ஓடி, அண்ணனை மீண்டும் மீண்டும் அழைத்தார். அவர் காதில் மணி அடிப்பதாகவே ஒலி கேட்டது. எடுப்பார் எவரும் இல்லை. இங்கே அண்ணாச்சி விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு மணியும் அடிக்கவில்லை. மறுநாட் காலை பக்கத்துக் கடை வழியாகச் செய்தி வந்து, அவர் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “அத்தனை முறை மணி அடித்தும் எடுக்காமல் இருந்துவிட்டாரே அண்ணன்!” என்று தம்பிக்கு மனத்தாங்கல். தாயை இழந்த வீட்டில் உடன்பிறந்தார் இருவரும் முகம் பாராமற் பிரிந்தனர்.

தில்லிக்குத் திரும்பியதும் அண்ணாச்சி லைன்மேனை அழைத்தார். வந்தவர் முதிய வயதினர், ஹிந்தி பேசுபவர். ஐந்து சாதனங்களையும் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். கார்ட்லெஸ்ஸையும் ஃபாக்ஸ் இயந்திரத்தையும் கழற்றினார். எஞ்சிய மூன்று மணிகளும் கணீரென்று முழங்கின. “பாயி ஸாஹப், ஒரு ரொட்டியை ஐந்து பேருக்குப் பிய்த்துக் கொடுத்தால் ஒருவர் வயிறும் நிறையாது” என்றார் அவர். அதற்கு மேலும் அவர் விளக்கிய செய்திகளே இக்கட்டுரைக்கு அடிப்படை. தொலைபேசிக் கம்பியில் எதை வேண்டுமானாலும் இணைக்கலாகாது என்று சட்டம் ஏன் சொல்கிறது என்பதை அறிய வேண்டுமானால், அந்தக் கம்பி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

செம்புக் கம்பியால் அமைந்த தொலைபேசி இணைப்பில், இணைப்பகத்திலிருந்து வீட்டுக்கு வருவன இரண்டே கம்பிகள். இணைப்பகத்தில் பெரிய மின்கலங்கள் 48 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை இக்கம்பிகளுக்கு அளிக்கின்றன. வீட்டில் மின்சாரம் நின்றாலும் பழைய தொலைபேசி நில்லாமைக்குக் காரணம் இதுவே. மின்கலத்தின் நேர்முனையை நிலத்தோடு இணைத்து, எதிர்முனையைக் கம்பிக்குக் கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். மண்ணுக்கடியில் ஈரத்தில் கிடக்கும் செம்பு மின்பகுப்பால் அரிக்கப்படாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

ஒலிவாங்கி தாங்கியில் இருக்கும்வரை இக்கம்பிகளில் நேர்மின்னோட்டம் செல்லாது. அதை எடுத்தவுடன் சுற்று மூடப்படுகிறது. ஏறத்தாழ 20 முதல் 40 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் பாய்கிறது. ‘இந்தச் சந்தாதாரர் பேச விரும்புகிறார்’ என்று இணைப்பகம் அறிந்துகொள்வது இந்த மின்னோட்டத்தைக் கொண்டுதான். கீழே வைத்ததும் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. அழைப்பு முடிந்தது என்பதும் அதனாலேயே தெரிகிறது.

மணி அடிப்பதற்கு வேறொரு மின்னோட்டம் உண்டு. நம் நாட்டில் அது ஏறக்குறைய 75 வோல்ட், நொடிக்கு 25 சுழற்சி கொண்ட மாறுமின்னோட்டம். இதன் வலிமைக்கு எல்லை உண்டு. ஒரு மணியை, இரண்டு மூன்று மணிகளை அசைக்கப் போதுமான வலிமையைப் பல சாதனங்கள் பங்கிட்டுக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அற்பம். இணைப்பகத்திலிருந்து கம்பி நீண்டு செல்லுமாயின் பங்கு இன்னும் குறையும். தரமற்ற சாதனம் ஒன்று தனக்குரிய பங்கைவிடப் பன்மடங்கை விழுங்கவும் கூடும். அண்ணாச்சி வீட்டில் நடந்தது இதுவே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அழைப்பவர் காதில் கேட்கும் மணியோசை, மறுமுனையில் உள்ள மணியின் ஓசை அன்று. ‘உம் அழைப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்’ என்று தெரிவிப்பதற்காக இணைப்பகமே உண்டாக்கும் ஒலி அது. ஆகையால் அங்கே மணி ஊமையாக இருந்தாலும் இங்கே ஓசை கேட்கும். தம்பி சொன்னதும் மெய். அண்ணன் சொன்னதும் மெய்.

இதுவரை சொன்னது தன் வீட்டுக்கு நேரும் தீங்கு. சட்டம் தலையிடுவதற்குத் தலையாய காரணம் பிறர்க்கு நேரும் தீங்கு. அதனை நான்காக வகுத்துக் கூறுவர்.

முதலாவது, ஊழியருக்கு நேரும் அபாயம். இன்றைய சாதனங்கள் பல, சுவரில் உள்ள 230 வோல்ட் மின்சாரத்திலும் தொலைபேசிக் கம்பியிலும் ஒருசேர இணைக்கப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே காப்பு வலுவாக இல்லாவிடில், வீட்டு மின்சாரம் கம்பியில் கசியும். தெருமுனைப் பெட்டியைத் திறந்து வெறுங்கையால் கம்பியைத் தொடும் தொழிலாளி, எவர் வீட்டிலோ உள்ள மலிவுச் சாதனத்துக்குத் தன் உயிரை விலையாகக் கொடுக்க நேரலாம்.

இரண்டாவது, தகாத மின்னழுத்தம் கம்பி வழியே ஏறி இணைப்பகத்துக் கருவிகளுக்கு உண்டாக்கும் சேதம். மூன்றாவது, அண்டை அயலாருக்கு நேரும் இடையூறு. ஒரே உறைக்குள் நூற்றுக்கணக்கான கம்பி இணைகள் நெருங்கிக் கிடக்கின்றன. மனிதக் குரலுக்கென ஒதுக்கப்பட்டது நொடிக்கு 300 முதல் 3400 சுழற்சி வரையுள்ள எல்லை. ஒரு சாதனம் அளவுக்கு மீறிய வலிமையோடோ இந்த எல்லையைக் கடந்தோ சமிக்ஞை செலுத்தினால், அது பக்கத்துக் கம்பியில் புகுந்து பிறர் பேச்சைக் கெடுக்கும். நான்காவது, கணக்கீட்டுக்கும் இணைப்பு முறைக்கும் நேரும் குழப்பம். பேச்சு முடிந்தும் கம்பியை விடுவிக்காத சாதனம், இணைப்பகத்தை ஏமாற்றிக் கட்டணத்தை வளர்க்கும். அழைப்பவர்க்கெல்லாம் ‘இணைப்பு உபயோகத்தில் உள்ளது’ என்ற பதிலையே தரும்.

ஓரூரில் நன்றாக வேலை செய்யும் சாதனம் எல்லா ஊரிலும் வேலை செய்யும் என்பதற்கும் உறுதி இல்லை. பழைய சுழல் தகடு கொண்ட தொலைபேசியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் 1 என்ற எண்ணுக்கு ஒரு துடிப்பு, 2க்கு இரண்டு, 0க்குப் பத்து. ஸ்வீடன் நாட்டில் 0க்கு ஒரு துடிப்பு, 1க்கு இரண்டு. நியூசிலாந்தில் எண் வரிசையே தலைகீழ்; 9க்கு ஒரு துடிப்பு, 1க்கு ஒன்பது. நியூசிலாந்துக் கருவியை இங்கே இணைத்து 3ஐச் சுழற்றினால், நம் இணைப்பகம் அதனை 7 என்றே கொள்ளும். அழைப்பவர் எண்ணைக் காட்டும் முறையும் மின்சார அளவும் இவ்வாறே நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஆகவே சாதனம் உயர்ந்ததா என்பது மட்டும் கேள்வி அன்று. இந்நாட்டுக் கம்பிக்கு ஏற்றதா என்பதே கேள்வி.

அப்படியாயின் கம்பிக்கு உரியவரே எல்லாச் சாதனங்களையும் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லையே என்று தோன்றும். நெடுங்காலம் உலகெங்கும் அவ்வாறே இருந்தது. அமெரிக்காவில் பெரிய தொலைபேசிக் கம்பெனி, தான் அளிக்காத எதையும் இணைக்கலாகாது என்று விதித்திருந்தது. பேசும்போது பிறர் காதில் விழாதிருக்க வாய்ப்பகுதியில் மாட்டும் ‘ஹஷ்-அ-ஃபோன்’ என்ற கிண்ணம் போன்ற ஒரு பொருளைக்கூட அது தடுத்தது. அதில் மின்சாரமே இல்லை. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, 1956ல் தடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பொதுமக்களுக்குத் தீங்கு செய்யாமல் தனக்கு நன்மை தரும் வகையில் தன் தொலைபேசியைப் பயன்படுத்தச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அடுத்து டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர், எண்ணெய் வயல்களில் வேலை செய்வோர் வானொலிக் கருவி வழியே தொலைபேசியில் பேசுவதற்கு ‘கார்ட்டர்ஃபோன்’ என்ற சாதனத்தை உருவாக்கினார். அதற்கும் தடை வந்தது. 1968ல் அந்நாட்டு மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின் கம்பெனி தன் பாதுகாப்புப் பெட்டி ஒன்றின் வழியாகவே பிறர் சாதனங்களை இணைக்க வேண்டும் என்றது. 1970களில் ஆணையம் வேறு வழி கண்டது. மேற்சொன்ன நான்கு தீங்குகளையும் விளைவிக்காது என்று சோதித்துப் பதிவு செய்யப்பட்ட சாதனத்தை எவரும் இணைக்கலாம் என்று விதி வகுத்தது. சாதனம் எத்தனை மணிகளுக்குச் சமமான சுமை என்பதைக் குறிக்கும் எண்ணும் அதன் மேல் அச்சிடப்பட்டது. சுதந்திரத்தையும் பாதுகாப்பையும் ஒன்றோடொன்று பொருத்தியது சோதனை என்ற பாலமே ஆகும்.

நம் நாட்டின் கதையும் ஏறக்குறைய இப்பாதையிலேயே சென்றது. கல்கத்தாவில் 1882ஆம் ஆண்டு தொலைபேசி இணைப்பகம் தொடங்கிற்று. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் இத்துறை முழுவதையும் அரசின் ஆளுகையில் வைத்தது. கம்பியும் கருவியும் இலாகாவின் உடைமை என்பதே வழக்கமாக இருந்தது. 1948ல் பெங்களூரில் நிறுவப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை செய்த கருவிகளே நாடெங்கும் வீடுகளில் ஒலித்தன. பின்னர்ச் சந்தாதாரர் கடையில் கருவி வாங்கும் காலம் வந்தது. சோதனையின் தேவையும் உடன் வந்தது.

தில்லியில் உள்ள தொலைத்தொடர்புப் பொறியியல் மையம், கம்பியில் இணைக்கும் சாதனங்களுக்குத் தரக் குறிப்புகளை வகுத்துச் சான்றிதழ் அளித்து வந்தது. அச்சான்றிதழைப் பெறுவது முன்பு பெரும்பாலும் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. 2017ல் தந்தி விதிகளில் செய்யப்பட்ட திருத்தம் அதனைக் கட்டாயமாக்கியது. விற்பனைக்கும் இறக்குமதிக்கும் உபயோகத்துக்கும் முன்னரே சாதனம் சோதிக்கப்பட்டுச் சான்று பெற வேண்டும் என்பது விதி. அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2019 அக்டோபர் 1 முதல் இரு கம்பித் தொலைபேசி, மோடம், ஃபாக்ஸ் இயந்திரம், கார்ட்லெஸ் தொலைபேசி, அலுவலகங்களில் உள்ள தனி இணைப்பகப் பெட்டி முதலியன இவ்விதியின் கீழ் வந்தன. பின்னர் ஒளியிழை இணைப்புக்கான சாதனங்கள் உட்படப் பலவும் சேர்க்கப்பட்டன. 1885ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் இயற்றிய 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்துள்ளது.

இச்சோதனையில் ஆராயப்படுவன யாவை? தொடுபவர்க்கு அதிர்ச்சியோ தீ அபாயமோ நேராத மின்பாதுகாப்பு. பிற கருவிகளைக் கெடுக்காமலும் பிறவற்றால் கெடாமலும் இயங்கும் மின்காந்தப் பொருத்தம். கம்பியின் அளவுகளுக்கு இசைந்து நடக்கும் தொழில்நுட்பத் தகுதி. சில வகைகளுக்குத் தகவற் பாதுகாப்பு. கம்பியில்லா வசதி உள்ள சாதனமாயின், அலைவரிசைகளைப் பகிர்ந்தளிக்கும் அரசுப் பிரிவின் ஒப்புதலும் வேண்டும். இவற்றுக்கு விண்ணப்பிப்பது தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் கடமை. வாங்குவோர் விண்ணப்பிக்க வேண்டுவதில்லை. சான்று உள்ளதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

இனி, வெளி மாநிலத்து நேயர்கள் தம் வீட்டிலும் கடையிலும் கைக்கொள்ளத்தக்க சில செய்திகளைக் கூறுவோம்.

சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடா நாட்டிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் அன்போடு கொண்டுவரும் தொலைபேசிச் சாதனத்தை உடனே கம்பியில் மாட்டிவிட வேண்டாம். அமெரிக்கச் சாதனத்தின் மின்பெட்டி 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆனதாக இருக்கலாம். வெளிநாட்டுக் கார்ட்லெஸ் கருவி, இந்நாட்டில் வேறு பணிக்கு ஒதுக்கிய அலைவரிசையில் பேசலாம். அன்பளிப்பை மறுக்க வேண்டியதில்லை. கம்பிக்கு ஏற்றதா என்று ஆராய்ந்த பின் இணைப்பதே முறை.

ஒரே இணைப்பில் சாதனங்களை அடுக்காதீர்கள். மணி நலிந்தாலோ பேச்சில் இரைச்சல் எழுந்தாலோ, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு சாதாரணக் கருவியை மட்டும் மாட்டிப் பாருங்கள். குறை நீங்கினால் பிழை வீட்டுக்குள் உள்ளது; கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்தால் குற்றவாளி அகப்படும். குறை நீங்காவிடில் இணைப்பளிப்பவரிடம் புகார் செய்யலாம். மாதம் ஒருமுறை வேறொரு தொலைபேசியிலிருந்து வீட்டை அழைத்து, மணி மெய்யாகவே அடிக்கிறதா என்று பார்ப்பதும் நன்று. இடி மின்னல் வேளையில் கம்பியிலிருந்து சாதனத்தைக் கழற்றி வைப்பது உயிருக்கும் பொருளுக்கும் காப்பு.

இப்போது பல வீடுகளில் செம்புக்குப் பதில் ஒளியிழை வந்துவிட்டது. அதில் மின்சாரம் வருவதில்லை. வீட்டில் வைக்கப்படும் சிறு பெட்டியே தொலைபேசிக்கு மின்னோட்டமும் மணியும் தருகிறது. வீட்டில் மின்சாரம் நின்றால் பெட்டியும் நிற்கும், தொலைபேசியும் ஊமையாகும். முதியோரும் நோயாளிகளும் உள்ள இல்லங்களில் அப்பெட்டிக்கு ஒரு மாற்று மின்கல ஏற்பாடு அவசியம். பழைய தொலைபேசிக்குப் பழகிய நமக்கு இது மறந்துபோகும் செய்தியாதலின் அழுத்திச் சொல்கிறோம். 112 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டிய நேரத்தில் பெட்டி இருண்டு கிடக்கலாகாது.

கைப்பேசிக்குச் சமிக்ஞை குறைவு என்று கடைகளில் விற்கும் ‘பூஸ்டர்’ கருவிகளை வாங்கி மாட்டுவோர் பலர். உரிய அனுமதியின்றி அதனை வைப்பது சட்ட விரோதம். ஒரு வீட்டுக்கு நன்மை தேடப்போய், அது கோபுரத்தை இரைச்சலால் நிரப்பித் தெரு முழுவதற்கும் பேச்சைக் கெடுக்கும். இணையவழி அழைப்புகளைத் தொலைபேசிக் கம்பிக்கோ சிம் அட்டைகளுக்கோ மாற்றிவிடும் பெட்டியை ‘மாத வாடகை தருகிறோம், உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று எவரேனும் கேட்டால், கண்டிப்பாக மறுத்துவிட வேண்டும். அயலூரில் விவரம் அறியாமல் இடங்கொடுத்தவர் பெயரில்தான் வழக்கு வரும்.

விதி என்றவுடன் அதனை அதிகாரிகளின் தொல்லையாகக் கருதுவது மனித இயல்பு. அரசின் அறிவிப்புகளை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாமும், பல வேளைகளில் சொற்களைப் பெயர்த்தோமேயன்றி அவற்றின் பின்னுள்ள காரணத்தை எண்ணிப் பார்த்தோமில்லை. தெருமுனையில் பெட்டியைத் திறக்கும் தொழிலாளியின் கை, அடுத்த வீட்டாரின் பேச்சு, நம் வீட்டு மணி ஆகிய மூன்றையும் காப்பதே இவ்விதிகளின் நோக்கம்.

அண்ணாச்சியின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. லைன்மேன் ஹிந்தியில் விளக்கியதையெல்லாம் அவர் எம்மிடம் சொல்லித் தமிழில் எழுதித் தரச் சொன்னார். மணி ஏன் அடிக்கவில்லை, தம்பி காதில் ஏன் ஓசை கேட்டது என்பதை இரண்டு பக்கங்களில் எழுதிக் கொடுத்தோம். அவர் அதைக் கடிதத்தோடு வைத்துத் தம்பிக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, கல்லாப்பெட்டி அருகே இருந்த கருவியில் மணி அடித்தது. அண்ணாச்சி எடுத்தார். “எலே தம்பி” என்று சொன்னவர், அதற்கு மேல் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஒலிவாங்கியைக் கீழே வைக்கவும் இல்லை.